இலவச மென்பொருளை நம்பி ஒரு நூலகத்தை ஒப்படைக்கலாமா?

8,000 புத்தகங்கள் உள்ள நூலகத்தைக் கோஹா என்ற இலவச நூலக மேலாண்மை மென்பொருளுக்கு மாற்றலாமா, இலவசம் என்றால் பாதியில் கைவிட்டுவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக மாற்றலாம். நாங்கள் மாற்றினோம். முதல் இரண்டு மாதம் தூக்கம் போனது உண்மைதான், ஆனால் அதற்குக் காரணம் கோஹா இல்லை.

முன்பு காசு கொடுத்து வாங்கிய ஒரு மென்பொருளை வைத்திருந்தோம். மாறப்போகிறோம் என்று சொல்லி, விற்றவர்களிடம் எங்கள் நூற்பட்டியலைக் கேட்டோம். நூலக மென்பொருள்கள் ஒன்றுக்கொன்று பட்டியலைப் பரிமாறிக்கொள்ளும் பொது வடிவமான மார்க் வடிவில் தர வழியில்லை என்று ஒரு பிடிஎஃப் கோப்பை அனுப்பிவைத்தார்கள். வருடக்கணக்கில் நாங்களே உட்கார்ந்து தட்டச்சு செய்த பட்டியல் அது! யாரும் பயன்படுத்தி, திருத்தி, பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருள் எதற்கு என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். கோஹாவில் பதிவுகள் மார்க் 21 என்ற அந்தப் பொது வடிவில் இருக்கும். நாளைக்கு வேறொன்றுக்குப் போக நினைத்தால் யாரிடமும் கெஞ்சாமல் மொத்தமாக எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.

கோஹா பிறந்த கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான். நியூசிலாந்தில் ஹோரோவெனுவா நூலகத்தின் பழைய மென்பொருள், தேதிக் கணக்கு குழம்பி, 2000ஆம் ஆண்டைத் தாங்காது என்ற நிலை. 1999இல் புதிதாக எழுதவைத்தார்கள், 2000 ஜனவரியில் ஓட ஆரம்பித்தது, அப்புறம் ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்கள். மாவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு.

சரி, தூக்கம் போன கதைக்கு வருகிறேன். அந்தப் பிடிஎஃப்பை எக்செல்லுக்குக் கொண்டுவந்து பார்த்தால், ஒரே எழுத்தாளர் மூன்று பேராக இருந்தார்: தலைப்பெழுத்து முன்னால், பின்னால், தலைப்பெழுத்தே இல்லாமல். அதை ஒவ்வொன்றாகத் திருத்தினோம். பிறகு மார்க்கின் புல எண்களின்படி தலைப்பு 245, ஆசிரியர் 100, பார்கோடு 952 என்று புலம் புலமாகப் பிரித்து ஏற்றினோம். ஏற்றிவிட்டு ஒரு புத்தகத்தை ஸ்கேன் செய்தால், அப்படி ஒன்று இல்லவே இல்லை என்கிறது கோஹா. பார்கோடுகளை எண்ணாக நினைத்து, முன்னால் இருந்த சுழியங்களை எல்லாம் எக்செல் விழுங்கியிருக்கிறது! நல்லவேளை, ஏற்றிய தொகுதியை மொத்தமாகத் திரும்ப எடுத்துவிடும் வசதி கோஹாவில் உண்டு.

உங்களிடம், கோஹா ஓடும் லினக்ஸ் இயங்குதளம் ஓரளவு தெரிந்த, பேக்கப்பை மறக்காத ஓர் ஆள் இருக்கிறாரா? இல்லையென்றால் காசு கொடுத்துப் பராமரிப்பை வெளியே விட்டுவிடுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. எதற்கும் முதலில் 50 புத்தகங்களை மட்டும் ஏற்றி, இரவல் கொடுத்து, தாமதமாகத் திருப்பி வாங்கி, அபராதம் சரியாக விழுகிறதா என்று பாருங்கள்.