எஃகு சைக்கிளும் அகல டயரும்: வாசகர் கேள்விகள், பதில்கள்

சென்னையில் தினமும் சைக்கிளில் போய்வருபவருக்கு அகலமான டயரை ஏற்கும் எஃகுச் சட்டமே (ஃபிரேம்) பொருத்தம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் ஆறுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது அலுமினிய சைக்கிள். டயர் 28 மி.மீ. வேளச்சேரியிலிருந்து துரைப்பாக்கம் போய்த் திரும்புவதற்குள் மணிக்கட்டும் கழுத்தும் வலியெடுக்கின்றன. எஃகுச் சட்டத்துக்கு மாறினால் வலி தீருமா?
— 46 வயது வாசகர், வேளச்சேரி

சட்டத்தை மட்டும் மாற்றினால் தீராது. எஃகுச் சட்டத்தின் மீது எனக்குப் பெரும் பற்று உண்டு. ஆனாலும் அது செய்யாத வேலையை அதன் கணக்கில் எழுதக் கூடாது. சைக்கிள் சட்டம் முக்கோணங்களாகக் கட்டப்பட்டது. எஃகாக இருந்தாலும் அலுமினியமாக இருந்தாலும், முக்கோணம் மேலிருந்து இறங்கும் சுமைக்கு எளிதில் வளைந்து கொடுப்பதில்லை. சக்கரம் பள்ளத்தில் விழும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதில் முதலிடம் டயருக்குள் இருக்கும் காற்றுக்கு, அடுத்தது சீட்டுக்கும் அதைத் தாங்கும் சீட் பில்லருக்கும், பிறகு முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்குக்கு, கடைசி இடம்தான் சட்டத்துக்கு.

அமெரிக்கச் சைக்கிள் தொழில்நுட்ப எழுத்தாளர் ஃபிராங்க் பெர்ட்டோ பல டயர்களை அளந்து பார்த்து, ஆள் ஏறி உட்கார்ந்ததும் டயர் தன் உயரத்தில் சுமார் 15 சதவீதம் அமுங்குமாறு காற்று வைப்பது நல்லது என்றார். அந்தக் கணக்கில் உங்கள் 28 மி.மீ. டயர் அமுங்குவது 4 மி.மீ.தான். 47 மி.மீ. டயர் 7 மி.மீ. அமுங்கும். மழைநீர் வடிகாலுக்குத் தோண்டி, மூடி, தார் போடாமல் விட்ட குறுக்கு வெட்டுகளைக் கடக்கும்போது அந்த 3 மி.மீ. வித்தியாசம் உங்கள் மணிக்கட்டுக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டாவது காரணம் நீங்கள் உட்காரும் விதமாக இருக்கலாம். ஹேண்டில் பார் சீட்டைவிடத் தாழ்ந்திருந்தால் உடலின் பாரம் உள்ளங்கையில் இறங்கும். முன்னால் பார்ப்பதற்காகக் கழுத்தை நிமிர்த்தியே வைத்திருக்க வேண்டிவரும். ஹேண்டில் பார் சீட்டின் உயரத்துக்கோ அதற்கு ஓரிரு அங்குலம் மேலோ இருக்கட்டும். புதிய வண்டி வாங்குவதானால், ஃபோர்க்கின் மேல்தண்டைக் குட்டையாக அறுத்துவிட வேண்டாம் என்று கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அறுத்தபின் உயர்த்துவது கடினம்.

அப்படியானால் எஃகு எதற்கு? அகல டயரும் மட்கார்டும் கேரியரும் ஒருசேரப் பொருந்தும்படி இன்று வடிவமைக்கப்படும் சட்டங்களில் பல எஃகாக இருக்கின்றன என்பது ஒரு காரணம். இன்னொன்று அந்த உலோகத்தின் குணம். குறிப்பிட்ட வரம்புக்குக் கீழே இருக்கும் அழுத்தத்தை எஃகு எத்தனை இலட்சம் முறை வந்தாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது. எஃகுக் குழாயில் விரிசல் கண்டால் தேர்ந்த வெல்டர் பற்றவைத்துத் தந்துவிடுவார். சைக்கிளுக்குப் பயன்படும் அலுமினியக் கலவைகளில் பலவற்றை வெல்டிங்குக்குப் பிறகு உலையில் வைத்துப் பதப்படுத்தினால்தான் பழைய வலு திரும்பும். பத்து, இருபது ஆண்டுகளுக்கு ஒரே வண்டியை வைத்துக்கொள்ள விரும்புகிறவருக்கு இவை பெரிய விஷயங்கள். ஆனால் உங்கள் வலிக்கான மருந்து டயரிலும் ஹேண்டில் பாரிலும் இருக்கிறது. இப்போதைய சட்டத்தில் 32 மி.மீ. நுழையுமா என்று முதலில் பாருங்கள்.

அகல டயர் போட்டால் வண்டி கனத்து மெதுவாகிவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். காற்று எவ்வளவு அடிக்க வேண்டும்?
— கல்லூரி மாணவர், மயிலாப்பூர்

வழவழப்பான இரும்பு உருளையின் மேல் டயரை ஓட்டிச் சோதித்தால், காற்று எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நல்லது என்றுதான் விடை வரும். நாம் ஓட்டுவது உருளையின் மேல் அன்று. கரடுமுரடான சாலையில் இறுக்கமான டயர் ஒவ்வொரு கல்லுக்கும் வண்டியையும் ஆளையும் தூக்கிப் போடுகிறது. அந்தக் குலுக்கலில் வீணாகும் ஆற்றல் உங்கள் கால்கள் கொடுத்ததுதான். அகல டயரில் அளவோடு காற்றிருந்தால் கல் டயருக்குள் அமுங்கிவிடும். வண்டி தன்பாட்டில் முன்னே போகும். வேகத்தைக் குறைப்பது பெரும்பாலும் டயரின் தடித்த, வளையாத சுவர்தான். ஆகவே டயரின் பக்கச் சுவரை விரலால் கிள்ளிப் பாருங்கள், எளிதில் மடிய வேண்டும். தார்ச் சாலைக்கு முள் முள்ளான டயர் வேண்டாம். ஏறக்குறைய வழவழப்பாக இருப்பதே போதும்.

நீங்கள் சுமார் 70 கிலோ என்று வைத்துக்கொண்டால், பின் டயர் 32 மி.மீ. எனில் 60 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு), 38 எனில் 45 முதல் 50, 47 எனில் 35 அளவில் தொடங்கலாம். முன் டயரில் ஐந்து குறைவாக இருக்கட்டும். கட்டைவிரலால் அழுத்தி அளவு பார்க்கும் பழக்கம் இங்கே ஏமாற்றிவிடும். டயர் சுவரில் ஏற்படும் இழுவிசை காற்றழுத்தத்தை மட்டுமன்றி டயரின் அகலத்தையும் பொறுத்தது, 28 மி.மீ. டயரில் 80 பி.எஸ்.ஐ. தரும் இழுவிசையை 47 மி.மீ. டயர் 48 பி.எஸ்.ஐ.யிலேயே அடைந்துவிடுகிறது. இரண்டும் விரலுக்கு ஒரே மாதிரி இறுக்கமாகத் தோன்றும். எனவே அளவுமானி உள்ள பம்பு ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். காற்று மிகவும் குறைந்தாலும் ஆபத்துதான்: பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் இடையே டியூப் நசுங்கி, அடுத்தடுத்து இரண்டு ஓட்டைகள் விழும்.

டியூப் வாங்கும்போது, ரிம்மின் துளை இடம்தந்தால், கார், பைக் டயர்களில் உள்ள வால்வு வகையையே கேளுங்கள். வழியில் எந்தப் பஞ்சர் கடையிலும் பெட்ரோல் பங்கிலும் காற்று பிடித்துக்கொள்ளலாம்.

27.5, 29, 700சி, 26 என்று கடையில் சொல்வது குழப்பமாக இருக்கிறது. சட்டத்தில் அகல டயர் நுழையுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— வாசகி, கொளத்தூர்

அங்குலக் கணக்கை மறந்துவிட்டு, டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் இரட்டை எண்ணைப் படியுங்கள். 40-622 என்றிருந்தால் டயரின் அகலம் 40 மி.மீ., அது ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம் 622 மி.மீ. என்று பொருள். 700சி, 29 இரண்டுமே 622தான். 27.5, 650பி இரண்டுமே 584தான். 26 அங்குலம் என்ற பெயரில்தான் அதிகம் ஏமாற நேரிடும்: மலை சைக்கிளின் 26 என்பது 559, பெண்கள் ஓட்டும் பழைய மாதிரி வண்டிகளின் 26 x 1 3/8 என்பது 590. ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது.

இடைவெளியைப் பார்க்க ஓர் அளவுகோல் போதும். பின்சக்கரத்தின் இரு பக்கமும் ஓடும் குழாய்களின் உட்புறத்துக்கு நடுவே, டயர் மிக அகலமாக இருக்கும் இடத்தில் அளந்து பாருங்கள். டயருக்கு இரு பக்கமும் குறைந்தது 6 மி.மீ. காலியாக இருக்க வேண்டும். மட்கார்டு போடுவதானால் இன்னும் கூடுதலாக வேண்டும், 42 மி.மீ. டயருக்கு 58 முதல் 60 மி.மீ. இடைவெளி இருந்தால் நிம்மதி. ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்கார்டு இல்லாமல் அலுவலகம் போக முடியாது என்பதால் இதில் சமாதானம் செய்துகொள்ள வேண்டாம். பிரேக்கையும் பாருங்கள். பந்தய வண்டிகளில் வரும் குட்டைக் கவ்வு பிரேக் 28, மிஞ்சினால் 32 மி.மீ.க்கு மேல் இடம் தராது. ரிம்மை இரு பக்கமும் நீண்ட கைகளால் பிடிக்கும் வி-பிரேக் 50 வரை பெரும்பாலும் தாராளம். டிஸ்க் பிரேக்குக்கு டயர் அகலம் பொருட்டே இல்லை.

டிஸ்க் பிரேக்கில் இன்னொரு வசதியும் உண்டு. 28-622 டயரின் மொத்த விட்டம் 678 மி.மீ.; 47-584 டயரின் மொத்த விட்டமும் அதே 678தான். இடைவெளி இருந்தால், அதே சட்டத்தில் சிறிய ரிம்மும் பெரிய டயரும் கொண்ட சக்கரத்தை மாட்டலாம். வண்டியின் உயரமும் போக்கும் மாறுவதில்லை.

ஹை-டென் எஃகு, குரோமோலி எஃகு. விலை வித்தியாசம் தகுமா?
— வாசகர், குரோம்பேட்டை

ஹை-டென் என்பது விலை குறைந்த வண்டிகளில் வரும் சாதாரண எஃகு. விறைப்பில் இரண்டும் ஒன்றே, வேறுபாடு வலுவில். சிறிதளவு குரோமியமும் மாலிப்டினமும் சேர்ந்த குரோமோலி அதிக வலுவுள்ளது என்பதால், குழாயின் சுவரை மெல்லியதாக இழுக்க முடிகிறது. அதனால் எடை குறைகிறது, மிதிக்கும்போது வண்டியில் ஒரு துள்ளலும் தெரிகிறது. நெடுந்தூரம் போகிறவருக்குத் தகும். ஆனால் கையில் உள்ள பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், குரோமோலிச் சட்டமும் மட்டமான டயரும் வாங்குவதைவிட, ஹை-டென் சட்டமும் நல்ல டயரும் வாங்குங்கள். குரோமோலி என்று ஒட்டியிருந்தாலும், ஃபோர்க்கும் பின்குழாய்களும் அதே எஃகுதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முன்பக்க மூன்று குழாய்கள் மட்டும் குரோமோலியாக இருக்கும் வண்டிகளும் விற்பனைக்கு வருகின்றன.

அப்பா 1978இல் வாங்கிய 28 அங்குல ஹெர்குலிஸ் வண்டி மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது. பழைய இரும்புக்குப் போட மனம் வரவில்லை. ஓட்டும்படி செய்ய முடியுமா?
— வாசகி, அம்பத்தூர்

அம்மா, தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். நீங்கள் இருக்கும் அம்பத்தூரில்தான் 1949இல் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்துடன் முருகப்பா குழுமம் கைகோத்து, உங்கள் ஹெர்குலிஸைத் தயாரித்த டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. அதே ஆங்கில நிறுவனத்தின் குடைக்குள்தான், 1935இல் 531 என்ற புகழ்பெற்ற எஃகுக் குழாயைக் கொண்டுவந்த ரெனால்ட்ஸும் இருந்தது. உங்கள் அப்பாவின் வண்டி அந்த உயர்ரகக் குழாயால் ஆனதன்று. கனமான சாதாரண எஃகுதான். ஆனால் அதன் டயரைப் பாருங்கள்: 28 x 1 1/2, அதாவது 40-635. நாற்பது மில்லிமீட்டர் அகலம்! சாய்ந்த சட்டம், நீண்ட உடல், முன்னோக்கி வளைந்த ஃபோர்க், சுருள் வில் வைத்த தோல் சீட், நிமிர்ந்து உட்காரும் ஹேண்டில் பார். வசதியான சைக்கிள் வேண்டும் என்று ஆர்வலர்கள் இன்று தேடுகிற பெரும்பாலானவை உங்கள் மாடிப்படிக்குக் கீழே இருக்கின்றன. முன்பார் மேல் ஒரு பிள்ளை, கேரியரில் ஒரு மூட்டை அரிசி என்று உங்கள் அப்பாவின் தலைமுறையினர் ஓட்டியதும் இந்த வடிவத்தால்தான்.

டயர், டியூப், பிரேக் கட்டைகள் மூன்றையும் புதிதாகப் போடுங்கள். அச்சுகளைப் பிரித்துக் குண்டுகளை மாற்றிக் கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் 'டக்' என்று தட்டினால், கிராங்கைப் பிடித்திருக்கும் காட்டர் பின் தேய்ந்திருக்கும். சில்லறை விலைதான், மாற்றிவிடலாம். இவ்வகை வண்டிகளில் முன்னே 44 பல், பின்னே 18 பல் இருப்பது வழக்கம். பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் போகும். பின்னே 22 பல் ஃப்ரீவீல் போட்டால் நான்கரை மீட்டராகக் குறையும். மேம்பாலம் ஏறுவது அவ்வளவுக்கு எளிதாகும். செயினில் ஓரிரு கண்ணி சேர்க்க நேரலாம்.

ஒரே ஓர் எச்சரிக்கை. குரோமிய முலாம் பூசிய எஃகு ரிம்மில், மழைநீர் பட்டால் கம்பி பிரேக் ஏறக்குறையப் பிடிப்பதே இல்லை. மழையில் அந்த வண்டியைப் போக்குவரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். வர்ணம் அடிக்கவும் வேண்டாம். துருவை மட்டும் தேய்த்தெடுத்து மெழுகு பூசினால் அப்பா பார்த்த வண்டியாகவே இருக்கும்.

வீடு கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். எஃகு துருப்பிடிக்காதா?
— வாசகர், பெசன்ட் நகர்

பிடிக்கும். ஆனால் வெளியே கண்ணில் படும் துருவால் சட்டம் அழிவதில்லை. குழாய்க்குள் தேங்கும் நீர்தான் அழிக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் முழங்கால் அளவு நீர் நின்றது. வடிந்தபின் என் சைக்கிளைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்திருந்தேன். மூன்று வாரம் கழித்துப் பெடல் கரகரத்தது. மெக்கானிக்குகள் பி.பி. என்று சொல்லும் பெடல் அச்சுக் கூட்டைத் திறந்தபோது, செந்நிற நீர் அரை டம்ளர் கொட்டியது.

அதனால் புதிய வண்டி வந்த அன்றே அந்தக் கூட்டின் அடியில் வடிதுளை இருக்கிறதா என்று பாருங்கள். அடைந்திருந்தால் குத்தித் திறந்துவிடுங்கள். சீட் பில்லரைக் கழற்றி, வண்டியைத் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் சாய்த்துச் சாய்த்து, துருத்தடுப்பு மெழுகைக் குழாய்களுக்குள் தெளித்து ஓரிரவு உலர விடுங்கள். கடற்காற்று படிந்த உப்பை வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும்; குழாய் வைத்துப் பீய்ச்ச வேண்டாம், நீர் அச்சுகளுக்குள் புகுந்துவிடும். சீட் பில்லர் அலுமினியமாக இருந்தால், எஃகுக் குழாயோடு சேர்ந்து உப்பீரத்தில் அரித்து அப்படியே இறுகிக்கொள்ளும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதை உருவிக் கிரீஸ் தடவித் திரும்பப் பொருத்துங்கள். இப்போதே அது அசையவில்லை என்றால் சுத்தியலை எடுக்காதீர்கள். துருவிளக்கும் எண்ணெயைச் சுற்றிலும் விட்டு, இரண்டு நாள் ஊறவைத்து, சீட்டை இருபுறமும் பிடித்து மெல்லத் திருகிப் பாருங்கள்.