அமெரிக்காவின் பழைய டீசல் இன்ஜின்களின் ‘புல்டாக் மூக்கு’ மேல் ரயில் ரசிகர்களுக்கு ஏன் இவ்வளவு பிரியம்?

ஓட்டுநர் அறைக்கு முன்னால் உருண்டு திரண்டு, புல்டாக் நாயின் முகம் போல இறங்கும் முன்பகுதிக்குத்தான் அந்தப் பெயர். ஜெனரல் மோட்டார்ஸ் 1939-இல் ஓட்டிக் காட்டிய எஃப்டி, அப்புறம் வந்த எஃப்7 எல்லாம் இந்த வகை. சாண்டா ஃபே ரயில்வே அந்த மூக்கில் சிவப்பும் வெள்ளியும் பூசி, இரண்டாகப் பிரிந்த முன்கண்ணாடிக்குக் கீழே ஒற்றை விளக்கோடு பயணிகள் ரயில்களை இழுக்கவிட்டதைப் படத்தில் பார்த்தாலே நின்றுவிடுவோம், அதற்கு ஒரு முகம் இருக்கிறது!

சரி, ஏன் போனது? உடல் முழுக்க மூடியிருப்பதால், பின்னோக்கி ஓட்டும்போது ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டித்தான் பார்க்க வேண்டும். யார்டில் பெட்டி கோக்கும் வேலைக்கு இது பெரிய தொல்லை. 1949-இல் வந்த ஜிபி7 ரக இன்ஜினில் உடலை ஒடுக்கி, வெளியே நடைபாதை வைத்தார்கள். பின்னால் பார்க்கவும் பழுது பார்க்கவும் எளிதானது, ஆனால் முகம் போய்விட்டது. அம்பாசடரை விட நல்ல கார்கள் எத்தனையோ வந்தும், தெருவில் ஒன்று போனால் திரும்பிப் பார்க்கிறோமே, அதே பாசம்தான்.

பலர் நினைப்பது போல வண்டியை இயக்கும் டீசல் எந்திரம் அந்த மூக்குக்குள் இல்லை, ஓட்டுநர் அறைக்குப் பின்னால்தான் இருக்கிறது.