பித்தளைப் பட்டறையில் வேலை செய்யும் அப்பாவுக்கு இருமல் தீரவில்லை. காசநோய் மாத்திரை சாப்பிட்டும் குறையவில்லை. வேறு என்னவாக இருக்கும்?

நான் மருத்துவன் அல்லன். விளக்கு வார்ப்பவரின் மகன். உங்கள் அப்பாவின் மருத்துவச் சீட்டில் அவருடைய தொழில் எங்கும் எழுதப்பட்டிருக்காது என்று ஊகிக்கிறேன். என் அப்பாவின் சீட்டிலும் அது இல்லை.

அவர் நாச்சியார்கோவிலில் 31 ஆண்டுகள் குத்துவிளக்கு வார்த்தவர். காவிரி வண்டல் மண்ணைச் சலித்துப் பெட்டியில் அடைத்து அச்செடுப்பார்கள். பித்தளையை ஊற்றி ஆறியபின் அச்சை உடைத்து, காய்ந்த அதே மண்ணை மறுபடியும் இடித்துச் சலிப்பார்கள். நாங்கள் பயந்ததெல்லாம் ஊற்றும்போது எழும் வெள்ளைப் புகைக்குத்தான். பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது. செம்பு உருக 1085 டிகிரி வேண்டும். துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அந்தப் புகையைச் சுவாசித்த அன்றிரவே அப்பாவுக்குக் குளிர்காய்ச்சல் வரும், ஓரிரு நாளில் தானே விட்டுவிடும். பொங்கல் விடுமுறை முடிந்து உலையருகே போகும் முதல் நாளில் அது கடுமையாக இருக்கும். அம்மா பால் காய்ச்சிக் கொடுப்பார், தூசிக்கு வெல்லம். வெல்லம் நுரையீரலைக் கழுவாது என்று சொன்னால் இன்றும் ஊரில் என்னோடு சண்டைக்கு வருவார்கள்.

அவரை வீழ்த்தியது புகையன்று, மண். சளியில் கிருமி தெரியாமலேயே, எக்ஸ்ரே படத்தில் நிழல் இருக்கிறது என்று ஆறு மாதம் காசநோய் மருந்து கொடுத்தார்கள்; பிறகு இன்னொரு சுற்று. மூன்றாவதாகப் பார்த்த மருத்துவர்தான், “ஐயா, என்ன வேலை பார்க்கிறீர்கள்?” என்று கேட்டார். மேல் நுரையீரலில் சிறுசிறு முடிச்சுகள்: சிலிக்கோசிஸ். மணலிலுள்ள சிலிக்காத் தூசி உண்டாக்கிய தழும்பு அது, இனி ஆறாது. முதலில் பார்த்த மருத்துவர்களைக் குறை சொல்லவில்லை, இரண்டு நோய்க்கும் நிழல் விழுகிற இடம் பெரும்பாலும் ஒன்றுதான். ஆனால் அந்த ஒரு கேள்விக்கு எத்தனை நொடி ஆகும்?

தொழிலைக் கெடுக்கிறேன் என்று சொல்லப்போகிறவர்களுக்கு ஒன்று. எங்கள் விளக்குக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நானும் மகிழ்ந்தேன். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சிலிக்கோசிஸை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாகப் பட்டியலிட்டது. ஆனால் அந்தச் சட்டப்படி, மின்சாரம் உள்ள இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அது தொழிற்சாலையாகக் கருதப்பட்டது. எங்கள் பட்டறையில் நான்கு பேர். அப்பாவிடம் இருந்த கைவினைஞர் அட்டை கண்காட்சியில் கடை போட உதவியது, ஒரு நெஞ்சுப் படம் எடுக்க உதவவில்லை.

உங்கள் அப்பா எத்தனை ஆண்டுகள் மண் சலித்தார், எத்தனை ஆண்டுகள் கடைசலில் (வார்த்ததைச் சுழலவிட்டுச் சீவி மெருகேற்றும் வேலையில்) இருந்தார் என்பதை ஒரு தாளில் எழுதி, பழைய படங்களையும் சேர்த்து, நுரையீரல் மருத்துவரிடம் கொடுங்கள். அதற்குள் காசநோய் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சிலிக்கோசிஸ் உள்ளவரைக் காசநோய் எளிதில் பிடிக்கும், இரண்டும் சேர்ந்தே இருக்கவும் கூடும். மூக்கில் கட்டும் துண்டு அந்த நுண்தூசியைத் தடுக்காது. அப்பா 31 ஆண்டும் துண்டுதான் கட்டினார்.