உபுண்டுவில் டாட்நெட் கற்க முடியுமா?

கேள்வி: நான் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு மாணவி. சி ஷார்ப் மொழி ஓரளவு தெரியும். மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் இணையதளங்கள் கட்ட உதவும் ஏஎஸ்பி டாட்நெட் கோர் கற்றுக்கொண்டு, ஓர் இணையதளத்தை நானே உருவாக்கிப் பார்க்க ஆசை. என்னிடம் இருப்பதோ உபுண்டு நிறுவிய பழைய மடிக்கணினி. விண்டோஸ் இல்லாமல் டாட்நெட் பக்கமே போக முடியாது என்று சீனியர்கள் சொல்கிறார்கள். அது உண்மையா? எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: உங்கள் சீனியர்கள் சொல்வது ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. 2002இல் வந்த பழைய ஏஎஸ்பி டாட்நெட், விண்டோஸோடும் அதன் ஐஐஎஸ் என்ற இணைய சர்வரோடும் பின்னிப் பிணைந்திருந்தது. 2016 ஜூனில் வெளியான ஏஎஸ்பி டாட்நெட் கோர், அதைப் பழுதுபார்த்து எடுத்ததன்று. அடித்தளத்திலிருந்து புதிதாக எழுதப்பட்டது. திறந்த மூல மென்பொருளான அது விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும். கெஸ்ட்ரல் என்ற இணைய சர்வரும் அதனுடனேயே வருகிறது. ஆகவே புதிய கணினி வாங்க வேண்டும் என்ற கவலை உங்களுக்கு வேண்டாம்.

பெயரில் மட்டும் கவனமாக இருங்கள். 2020இல் வந்த 5ஆம் பதிப்பிலிருந்து டாட்நெட் தன் பெயரிலிருந்த 'கோர்' என்ற சொல்லை விட்டுவிட்டது, ஆனால் அதன் இணையக் கட்டமைப்பு அச்சொல்லை இன்னமும் வைத்திருக்கிறது. பாடம் தேடும்போது 'கோர்' இல்லாத ஏஎஸ்பி டாட்நெட் 4 பற்றிய பழைய பாடம் கையில் சிக்கினால், அதில் உள்ளபடி எழுதும் நிரல் உங்கள் கணினியில் ஓடாது. பிழை உங்களுடையது என்று எண்ணி மனம் தளர்ந்துவிடக் கூடாது.

ஆண்டுதோறும் நவம்பரில் புதிய பதிப்பு வருகிறது. அவற்றுள் இரட்டைப்படை எண் கொண்டவற்றுக்கு மூன்று ஆண்டு ஆதரவு உண்டு என்பதால், 2025 நவம்பரில் வந்த 10ஆம் பதிப்பை நிறுவுங்கள். நிரலை ஓட்டுவதற்கான ரன்டைம் மட்டும் போதாது, நிரலை உருவாக்கும் கருவிகளும் அடங்கிய எஸ்டிகே வேண்டும். நிரல் எழுத விஷுவல் ஸ்டுடியோ கோட் போதும்.

பலரும் முதல் நாளிலேயே பெரிய வார்ப்புரு ஒன்றை எடுத்து, இருபது கோப்புகளுக்கு நடுவே திகைத்து நிற்கிறார்கள். நீங்கள் டெர்மினலில் 'டாட்நெட் நியூ வெப்' என்ற கட்டளையைக் கொடுத்து, ஏறக்குறைய காலியான திட்டம் ஒன்றை உருவாக்குங்கள். அதன் முதன்மைக் கோப்பில் நான்கே கூற்றுகள் இருக்கும்: முதலாவது செயலிக்கான அமைப்புகளைத் திரட்டும் பில்டரை உருவாக்கும், இரண்டாவது அதிலிருந்து செயலியைக் கட்டும், மூன்றாவது முகப்பு முகவரிக்கு ஒரு வாழ்த்தை விடையாகத் தரும், நான்காவது செயலியை ஓடவிடும். ஒரு வாரம் இந்த நான்கோடு மட்டும் பழகுங்கள் என்பது என் அழுத்தமான பரிந்துரை.

அந்த ஒரு வாரத்தில் புரிந்துகொள்ள வேண்டியது, பிரவுசரிலிருந்து வரும் கோரிக்கை எந்த வழியாகப் போய்த் திரும்புகிறது என்பதுதான். கெஸ்ட்ரல் வாங்கிக்கொள்ளும் கோரிக்கை, மிடில்வேர் எனப்படும் அடுக்குகளை நீங்கள் எழுதிய வரிசையிலேயே கடந்து உள்ளே சென்று, விடையாகி அதே அடுக்குகள் வழியே தலைகீழ் வரிசையில் வெளியே வருகிறது. இரண்டு சிறிய மிடில்வேர்களை நீங்களே எழுதி, ஒவ்வொன்றும் அடுத்ததை அழைக்கும் முன் ஒரு வரியும் அழைத்த பின் ஒரு வரியும் டெர்மினலில் அச்சிடுமாறு செய்யுங்கள். ஒன்று, இரண்டு, மீண்டும் இரண்டு, ஒன்று என வரிகள் வரும். பிறகு இரண்டாவதில் அடுத்ததை அழைக்கும் வரியை நீக்கிப் பாருங்கள். வாழ்த்து பிரவுசருக்கு வரவே வராது. பயனர் யார் என்று அறியும் அடுக்கு, அவருக்கு அனுமதி உண்டா என்று பார்க்கும் அடுக்கிற்கு முன்னால் ஏன் நிற்க வேண்டும் என்பதை அதன்பின் யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அடுத்து, எச்டிஎம்எல்லோடு சி ஷார்ப்பையும் சேர்த்துப் பக்கங்களை எழுதும் முறையான ரேஸர் பேஜஸுக்குச் செல்லுங்கள். தரவைச் சேமிக்க எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தளம் போதும். தனியாக சர்வர் எதுவும் நிறுவ வேண்டாம், எல்லாம் ஒரே கோப்பில் அடங்கிவிடும்.

கேள்வி: விண்டோஸில் எழுதிய என் தளம் அங்கே நன்றாக ஓடுகிறது. லினக்ஸ் சர்வரில் ஏற்றியபின் சில படங்கள் மட்டும் தெரியவில்லை. ஏஎஸ்பி டாட்நெட் கோர் கட்டமைப்பில் குறையா?

பதில்: கட்டமைப்பில் குறையில்லை. கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் விண்டோஸுக்குப் பொதுவாக ஒன்றே, லினக்ஸுக்கு வெவ்வேறு. படக் கோப்பின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்க, பக்கத்தில் அதைச் சிறிய எழுத்தில் குறித்திருந்தால் லினக்ஸில் அந்தக் கோப்பு இல்லை என்றே ஆகும். இதே பிழையைத் தேடி நானும் ஒருமுறை அரைநாள் செலவிட்டிருக்கிறேன். எல்லாப் பெயர்களையும் சிறிய எழுத்தில் வைப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்துவரும் கிட் மென்பொருளைப் பயன்படுத்துபவராயின் இன்னொன்றும் உண்டு: விண்டோஸில் கோப்புப் பெயரின் பெரிய எழுத்தைச் சிறிய எழுத்தாக மட்டும் மாற்றினால் கிட் அதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது என்பதால், 'கிட் எம்வி' கட்டளையாலேயே பெயரை மாற்றிவிட்டு, பிறகு சர்வரில் ஏற்றுங்கள்.