காசு, வேலை, சுதந்திரம்: இந்த மூன்றிலும் மனதை எப்படிச் சரியாக வைத்துக்கொள்வது?

உங்களுக்கு முப்பது வயதுக்குள், இருப்பது யாழ்ப்பாணம், கூடப்பிறந்த யாரோ ஒருவர் வெளிநாட்டில். இப்படி நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், பிழையென்றால் மன்னியுங்கள். எனக்கு இந்தக் கேள்வி வந்தது அப்படி இருந்தபோதுதான்.

கனடாவிலிருந்து அண்ணா 2013 தொடக்கம் மாதாமாதம் காசு அனுப்பினார். உண்டியலில்தான், அதாவது வங்கிக்குப் போகாமல் கைமாற்றாக ஆள்மூலம்தான் வரும். ஒரு பெடியன் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டாமலே கேற்றடியில் என்வலப்பை நீட்டிவிட்டுப் போவான். நான் ஒரு ஹாட்வெயார் கடையில் கணக்கு எழுதினேன். என் சம்பளம் எனக்கே காணாது. வீடு ஓடினது அண்ணாவின் காசில்.

2019 இல் நல்லூர்த் திருவிழா நேரம் ஒரு டிவி வாங்கினேன். வைபரில் கதைக்கும்போது பின்னால் தெரிந்த அதைக் கண்டுவிட்டு அண்ணி, "ஓ, புதுசோ?" என்று கேட்டா. அவ்வளவுதான். அதற்குப் பிறகு கோல் வந்தால் போனைப் பிள்ளையார் கலண்டர் தொங்கும் சுவர்ப் பக்கம் திருப்பிப் பிடிக்கப் பழகினேன். இத்தனைக்கும் அந்த டிவி என் சம்பளத்தில், தவணைக் கட்டுக்காசுக்கு எடுத்தது. அதைச் சொல்லக்கூட வாய் வரவில்லை.

நன்றி கெட்டவன் என்று ஏச வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அண்ணி பனிக்குள் இரண்டு வேலைக்குப் போகிறவ. கேட்க அவவுக்கு உரிமை இருந்தது. அதுதான் சிக்கலே.

2022 வந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற அமெரிக்க டொலர், மே மாதம் 360 ஐத் தொட்டது. ஏப்ரல் 12, வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட ஏலாது என்று அரசாங்கம் அறிவித்தது. எங்கள் என்வலப் தடித்தது. அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டா. சீமெந்தும் கம்பியும் வராததால் கடை முதலாளி என்னை "இனி வரவேண்டாம் தம்பி" என்றார். சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) 8 வீதம் கழித்தவர்கள், அவர்கள் பங்கு 12 வீதம். விசாரித்தால் கடைசி நாலு வருடம் ஒரு சதமும் கட்டுப்படவில்லை. ஒன்பது வருடம் அவர்களுடைய கணக்கெழுதிய நான் என்னுடையதைப் பார்க்கவேயில்லை. உங்களுடையதை நாளைக்கே பாருங்கள்.

ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ஆனது. எங்கள் பக்கம் கோண்டாவில், உரும்பிராய்த் தோட்டக்காரர் மண்ணெண்ணெயில் ஓடும் தண்ணி இறைக்கிற மெஷினை விட்டுவிட்டு, கொட்டிலுக்குள் எறிந்து கிடந்த கரண்ட் மோட்டர்களைத் தேடி எடுத்தார்கள். பாதி, கொயில் எரிந்தவை. என் மாமா வைண்டிங் வேலைக்காரர், எரிந்த மோட்டருக்குப் புதுக் கம்பி சுற்றுகிறவர். தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்க வைத்தவர். சின்னனில் அவருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்ததுதான் என் படிப்பு.

நான் சுற்றிய முதல் மோட்டர் ஒரு ஐயாவுடையது. எரிந்த கம்பியை வெட்டி இழுக்கமுதல் ஒவ்வொரு காடியிலும், கம்பி இருக்கும் பள்ளத்திலும், எத்தனை சுற்று என்று எண்ணிக் கொப்பியில் எழுதவேண்டும். இடையில் அம்மா தேத்தண்ணியோடு வந்து கதை கொடுத்தா, எண்ணிக்கை தப்பிவிட்டது, திரும்ப ஒன்றிலிருந்து. புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றி, இரண்டு நாள் வெயிலில் வைத்தேன். கிணற்றடியில் சுவிட்சைப் போட்டபோது வாய்க்காலில் முதலில் நுரை, பிறகு தண்ணீர். கம்பிக்காசு போகக் கூலி 3000 ரூபாவும் ஒரு பிடி வெங்காயமும் தந்தார்.

அந்த 3000 ஐ என்ன செய்யப்போகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்றிரவு புரோட்டா வாங்கிக்கொண்டு வந்து டிவிக்கு முன்னால் இருந்து சாப்பிட்டேன். அண்ணா கோல் எடுத்தார். போனைத் திருப்பவில்லை.

ஆகவே என் பதில் இவ்வளவுதான்: எவ்வளவு வருகிறது என்று பார்ப்பதோடு, அந்தக் காசுக்கு யாருக்குப் பதில் சொல்லவேண்டும் என்றும் பாருங்கள். வெளிநாட்டுக் காசைத் தொடாதே என்று நான் சொல்லவில்லை. அம்மாவின் மருந்துக்கு இப்போதும் அண்ணாதான். பில்லைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் போட்டுவிடுவேன், அதோடு அந்தக் கணக்கு முடிந்தது. அரச வேலை கிடைத்தால் போங்கள், பென்சனை நக்கலடிக்க நான் ஆளில்லை. எனக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

சொந்தத் தொழில் என்றால் சுதந்திரம் என்று நினைத்துவிடவும் வேண்டாம். "அவசரம் தம்பி, பயிர் வாடுது" என்று விடிய ஆறு மணிக்குக் கொண்டுவந்து இறக்குவார்கள். வேலை முடிந்து கோல் எடுத்தால் "நாளைக்கு வாறன்." அதற்குள் மழை பெய்துவிடும், மோட்டரை மறந்துவிடுவார்கள். செம்புக் கம்பியை நான் கைக்காசு போட்டல்லவா வாங்குகிறேன்? இப்போது என் திண்ணையில் பதினொரு மோட்டர் கிடக்கிறது. ஒன்றின் மேல் பூனை குட்டி போட்டிருக்கிறது.