வெள்ளி நோட்டில் ஒரு சொல்

அன்புள்ள ஐயா,

வணக்கம். சிங்கப்பூரின் செம்பவாங்கில் பிறந்து வளர்ந்தவள் நான். சென்ற வாரம் மதிய உணவின்போது என் அலுவலகத் தோழி, மலையாளி, ஒரு வெள்ளி (டாலர்) நோட்டை எடுத்து வைத்து, "இதில் உங்கள் எழுத்தில் சிங்கப்பூர் என்று இருக்கிறது, எங்கள் எழுத்தில் இல்லை. யாரோ பெரிய மனது பண்ணி உங்களுக்குக் கொடுத்ததுதானே இது?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தலைவர்களின் தொலைநோக்கால் நான்கு மொழிகளுக்கும் சம இடம் கிடைத்தது என்றுதான் நானும் பள்ளியில் படித்தேன். இன்று நூற்றுக்கு மூன்று பேர்கூட வீட்டில் முதன்மையாகப் பேசாத மொழி அதிகாரத்துவ மொழியாக இருப்பதைக் கொடை என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கொடை என்று சொல்ல வேண்டுமானால், கொடுத்தவருக்கு அதனால் ஆகவேண்டிய காரியம் எதுவும் இருந்திருக்கக் கூடாது. 1950களின் சிங்கப்பூரில் அப்படி இல்லை.

1955இல், பிரிட்டிஷ் ஆட்சியில் ஓரளவு தன்னாட்சி தந்த ரெண்டல் அரசியலமைப்பின்படி தேர்தல் நடந்தபோது சட்டமன்றத்தின் ஒரே மொழி ஆங்கிலம். 1957 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்ந்த சுமார் 1.45 மில்லியன் பேரில் முக்கால் பங்கினர் சீனர். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தங்கள் பிரதிநிதிகள் பேசும் மொழி புரியாது. சீன வர்த்தக சபை குடியுரிமைக்காகவும் சட்டமன்றத்தில் சீன மொழிக்காகவும் பல ஆண்டுகள் வாதாடியது. சீனப் பள்ளி மாணவர்களோ வீதிக்கே வந்துவிட்டார்கள். 1954 மே மாதம் கட்டாய இராணுவப் பணிக்கான தேசிய சேவைப் பதிவை எதிர்த்துப் போலிசாருடன் மோதிய அவர்கள், அடுத்த ஆண்டு மே மாதம் ஹொக் லீ பேருந்து நிறுவனத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக நின்றார்கள். அது கலவரமாகி உயிர்களைப் பலிகொண்டது. அதன் பின்னர்தான் அன்றைய முதலமைச்சர் டேவிட் மார்ஷலின் அரசாங்கம் சீனக் கல்வியை ஆராய அனைத்துக் கட்சிக் குழுவை அமைத்தது.

குழுவின் பெயரே சீனக் கல்விக் குழு என்பதைக் கவனியுங்கள். ஆனால் 1956இல் அது அளித்த அறிக்கை, ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் ஆகிய நான்கு மொழிவழிப் பள்ளிகளையும் சமமாக நடத்த வேண்டும் என்றது. அதே ஆண்டில் சட்டமன்ற விவாதங்களில் இந்த நான்கு மொழிகளிலும் பேசலாம் என்று தீர்மானமும் ஆனது. சீனத்துக்கு இடம் கேட்டு எழுந்த போராட்டத்தின் முடிவில் தமிழுக்கு ஏன் இடம் கிடைத்தது? என் கணிப்பு இது: மலாயாவோடு இணைய வேண்டும் என்று அன்றைய தலைவர்கள் விரும்பினார்கள்; சீனத்தை மட்டும் உயர்த்தியிருந்தால் இந்தத் தீவு மலாய் உலகின் நடுவே ஒரு சீன நகரமாகத் தோன்றியிருக்கும், மலாயும் தமிழும் சேர்ந்தபோதுதான் அதைப் பல இன ஏற்பாடு என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. அந்த ஏற்பாட்டுக்குத் தமிழ் தேவைப்பட்டது. ஆகவே கொடை என்னும் சொல்லை நான் ஏற்கவில்லை. அதே மூச்சில், தமிழர் தனியே போராடிப் பெற்றது என்று மேடைகளில் முழங்கப்படுவதையும் ஏற்கவில்லை. கதவை உடைத்தவர்கள் சீன மாணவர்கள். அது திறந்த நேரத்தில் நாம் வாசலில் தயாராக நின்றோம்.

அந்தத் தயார்நிலைக்கு உழைப்பு வேண்டியிருந்தது. 1924இல் திருவாரூர்ப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்த கோ. சாரங்கபாணி 1935இல் தமிழ் முரசு இதழைத் தொடங்கினார்; 1952இல் சாதி, சமய வேறுபாடு கடந்த தமிழர் திருநாள் விழாவைத் தொடங்கி வைத்தார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை அமையவிருந்தபோது சமஸ்கிருதத்துக்கு முதலிடம் தரும் யோசனை எழுந்தது. அதை எதிர்த்து, 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் சாதாரணத் தொழிலாளர்களிடமிருந்து நிதி திரட்டித் தமிழுக்கு அங்கே இடம் வாங்கினார். இவை எல்லாவற்றையும்விட, 1957இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, என்றாவது ஊர் திரும்பிவிடுவோம் என்று பெட்டியைக் கட்டியபடியே வாழ்ந்த தமிழர்களைக் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளும்படி அவர் வற்புறுத்தியதையே நான் முதன்மையானதாக நினைக்கிறேன். வாக்கு இல்லாத மக்களின் மொழியை எந்தச் சட்டமன்றம் பொருட்படுத்தும்? (சீனப் பெண்ணை மணந்த அவர் தமிழுக்காக இத்தனை செய்தார் என்பதை, மொழிப்பற்றை இரத்தத்தோடு முடிச்சுப் போடுகிறவர்களுக்கு அவ்வப்போது நினைவூட்ட வேண்டியிருக்கிறது.)

தலைவர்களின் பங்கை நான் மறுக்கவில்லை. 1965 ஆகஸ்டில் மலேசியாவிலிருந்து பிரிந்த பிறகு, இணைப்புக்காகச் செய்த சமரசங்களைத் தொடரவேண்டிய கட்டாயம் போய்விட்டது. முக்கால் பங்கு சீனர் வாழும் நாட்டில் சீனத்தை முதல் மொழியாக்கியிருந்தால் தடுத்திருக்கக் கூடியவர் யாரும் இல்லை. ஆனால் அந்த ஆண்டு டிசம்பரில் நிறைவேறிய சுதந்திரச் சட்டம் மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கையும் அதிகாரத்துவ மொழிகளாகப் பெயர் சொல்லி எழுதியது. மலாயைத் தேசிய மொழியாகவே வைத்துக்கொண்டது. முந்தைய ஆண்டு இனக் கலவரங்களில் 36 பேர் மாண்டிருந்ததும், சுற்றிலும் மலாய் பேசும் பெருநாடுகள் இருந்ததும் அந்த முடிவுக்குப் பின்னால் இருந்தன. அச்சமும் நல்லெண்ணமும் எந்த விகிதத்தில் கலந்திருந்தன என்று பிரித்துப் பார்ப்பது வீண் வேலை.

உங்கள் தோழியின் கேள்விக்குள் ஒரு மனக்குறையும் இருக்கிறது. அது நியாயமானது. காலனி அரசின் கணக்கெடுப்புகள் பல மொழி பேசிய மக்களை இந்தியர் என்ற ஒரே பெட்டிக்குள் அடைத்தன. அந்தப் பெட்டிக்கு ஒரு மொழி தேவைப்பட்டபோது, எண்ணிக்கையில் பெரியதும் பள்ளிகளும் நாளிதழும் கொண்டதுமான தமிழ் அந்த இடத்தைப் பெற்றது. மலையாளிகளும் தெலுங்கர்களும் பஞ்சாபிகளும் பெட்டிக்குள் இருந்தும் பெயரில்லாமல் போனார்கள். 1990இல் இந்தி, பஞ்சாபி, வங்காளி, குஜராத்தி, உருது ஆகிய ஐந்தையும் பள்ளியில் இரண்டாம் மொழியாகப் படிக்க வழி பிறந்தது. அந்தப் பட்டியலில் மலையாளம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அவ்வகையில் மலையாளி வீட்டுப் பிள்ளையைவிட குஜராத்தி வீட்டுப் பிள்ளைக்கு வாய்ப்பு அதிகம் என்பது விசித்திரமானது. நாம் இதைப் பற்றி அதிகம் பேசுவதும் இல்லை.

சட்டத்தில் இடம் கிடைத்ததால் எல்லாம் கிடைத்துவிடவும் இல்லை. கடையநல்லூர் முஸ்லிம்கள் 1946இல் தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி, கடைசித் தமிழ்வழிப் பள்ளியாக நின்று 1982இல் மூடப்பட்டது. பெற்றோர் ஆங்கிலப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பினார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை, வேலை அங்கேதான் இருந்தது. வீட்டில் முதன்மையாகத் தமிழ் பேசும் இந்தியர் 2010இல் 36.7 விழுக்காடு, 2020இல் 27.4 விழுக்காடு.

நீங்கள் செம்பவாங் என்று எழுதியதைப் படித்ததும் அங்கிருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளம் நினைவுக்கு வந்தது. அங்கே வேலை பார்த்தவர்களில் மலையாளிகள் ஏராளம். தளங்களை மூடப்போவதாக 1968இல் அறிவிப்பு வந்து, 1971க்குள் படைகள் வெளியேறியபோது, பல குடும்பங்கள் ஊர் திரும்பின, சில தங்கிவிட்டன. உங்கள் தோழியின் குடும்பத்தில் யாராவது அந்தத் தளத்தில் வேலை பார்த்தார்களா என்று கேட்டுப் பாருங்கள். பார்த்திருந்தால், அவர்கள் வீட்டில் எந்த மொழியில் கணக்கு எழுதினார்கள், பிள்ளைகளை எந்தப் பள்ளிக்கு அனுப்பினார்கள் என்பதையும் கேட்டு எனக்கு எழுதுங்கள்.