சூரிச்சில் எங்கே, எப்போது, எப்படிச் சாப்பிடுவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சூரிச் நகர உணவகங்களின் சமையலறைகளில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வேலை பார்த்தவன் நான். இந்நகருக்கு வரவிருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றைத் தேர்ந்தெடுத்து இங்கே பதில் தந்திருக்கிறேன்.

கேள்வி: நானும் என் மனைவியும் முட்டைகூடச் சேர்க்காத சைவர்கள். ஐந்து நாள் தங்குகிறோம். ரொட்டியும் பழமும் தின்றே நாளை ஓட்ட வேண்டியதுதானா?

அப்படி ஓட்ட வேண்டிய தேவை எதுவும் இல்லை. முதல் நாளே ஸீல்ஸ்ட்ராஸெ தெருவில் இருக்கும் ஹில்ட்ல் உணவகத்துக்குப் போங்கள். 1898-இல் தொடங்கி இன்றுவரை நடந்துவரும் இந்த உணவகத்தை, இடைவிடாமல் இயங்கும் உலகின் மிகப் பழைய சைவ உணவகம் என்று கின்னஸ் பதிவு செய்திருக்கிறது. நம் நாட்டோடும் இதற்கு ஒரு தொடர்பு உண்டு. ஹில்ட்ல் குடும்பத்தைச் சேர்ந்த மார்கிரித் ஹில்ட்ல் என்ற அம்மையார் 1951-இல் டெல்லியில் நடந்த உலக சைவ உணவு மாநாட்டுக்குப் போய், அங்கே சுவைத்த உணவுகளைத் திரும்பி வந்ததும் தம் உணவகத்தில் சமைக்கத் தொடங்கினார். இன்று அங்கே பரிமாறப்படும் கறி வகைகளுக்கு அதுவே வேர்.

அங்குள்ள பஃபேயில் தட்டை எடைபோட்டுத்தான் விலை சொல்வார்கள். ஆகவே சோற்றையும் உருளைக்கிழங்கையும் முதலில் குவித்துவிடாமல், வீட்டில் கிடைக்காதவற்றைச் சிறிது சிறிதாக எடுத்துக்கொள்வதே நல்லது. ஓபரா மாளிகைக்கு அருகே உள்ள டிபிட்ஸ் கிளையும் சைவம்தான், அங்கும் எடைக்கணக்குதான்.

மற்ற உணவகங்களில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். துருவிய உருளைக்கிழங்கை வறுத்துச் செய்யும் ரோஷ்டியில் பல இடங்களில் பன்றி இறைச்சித் துண்டுகள் சேர்ப்பார்கள். "ஓனெ ஷ்பெக்" என்று சொன்னால் அது இல்லாமல் தருவார்கள். காய்கறி சூப் என்று பட்டியலில் இருந்தாலும் அதன் அடிச்சாறு இறைச்சியில் எடுத்ததாக இருக்கலாம் என்பதால், கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அதைக் கொண்டுவரச் சொல்லுங்கள். மூன்றாவது சீஸ். க்ரூயேர் போன்ற மரபுவழிச் சீஸ்களில் பாலைத் திரிய வைப்பதற்குக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னட்டைத்தான் பயன்படுத்துகிறார்கள். இங்குள்ள சைவர்களில் பெரும்பாலோர் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் முட்டையையே தவிர்க்கும் உங்களுக்கு இதைச் சொல்லாமல் விடுவது முறையாகாது. ஸ்ப்ரூங்லி கடையின் புகழ்பெற்ற லுக்ஸம்பூர்கெர்லி இனிப்பிலும் முட்டை வெள்ளைக்கரு உண்டு.

கேள்வி: ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஐந்தாயிரம் ரூபாய் ஆகும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

இரவில் சாப்பிட்டால் அநேகமாக உண்மை. மதியத்தில் சாப்பிட்டால் அப்படியில்லை. எந்த உணவகத்துக்குப் போவது என்பதைவிட, எந்த நேரத்தில் போவது என்பதே இந்த ஊரில் உங்கள் பணப்பையைத் தீர்மானிக்கிறது. வேலைநாள்களில் ஏறக்குறைய எல்லா உணவகங்களிலும் "டாகெஸ்டெல்லர்" என்ற அன்றைய மதியத் தட்டு உண்டு. சூப் அல்லது சாலட்டோடு சேர்த்து அதற்குச் சுமார் 20 முதல் 28 பிராங்க் வரை ஆகும். மாலையில் அதே சமையல்காரர் அதே அடுப்பில் சமைக்கும் ஒரு தட்டுக்கு 35 பிராங்குக்கு மேலும் கொடுக்க நேரிடும்.

ஆனால் நேரம் தவறக்கூடாது. மதியச் சமையல் பதினொன்றரை மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்கு முடிந்துவிடும். நான் வேலை பார்த்த ஓர் உணவகத்துக்கு ஒரு நாள் இரண்டேகால் மணிக்கு இரண்டு குழந்தைகளோடு ஒரு தமிழ்க் குடும்பம் வந்தது. அடுப்பை அணைத்து, தட்டுகளையெல்லாம் கழுவி அடுக்கி முடித்திருந்தோம். முதலாளி கையை விரித்துவிட்டார். மீந்திருந்த சூப்பையும் ரொட்டியையும் மட்டுமே அந்தப் பிள்ளைகளுக்கு என்னால் கொடுக்க முடிந்தது. அது இன்னும் என் மனத்தை உறுத்துகிறது. ஆகவே, எங்கே சுற்றினாலும் ஒரு மணிக்குள் ஒரு மேசையில் உட்கார்ந்துவிடுங்கள். தவறவிட்டால் மிக்ரோஸ், கோப் அங்காடிகளின் உணவகங்கள் கைகொடுக்கும். அவை பிற்பகலிலும் திறந்திருக்கும், விலையும் குறைவு. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலான கடைகள் மூடியிருந்தாலும், முதன்மை ரயில் நிலையத்துக்குள் இருப்பவை திறந்திருக்கும்.

தண்ணீருக்குச் செலவழிக்கவே தேவையில்லை. நகரத்தில் 1,200-க்கும் அதிகமான நீரூற்றுகள் இருக்கின்றன. குடிக்கக்கூடாது என்ற அறிவிப்பு இல்லாத ஊற்று எதிலும் பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம்.

கேள்வி: மாட்டிறைச்சி உண்பதில்லை, மற்ற இறைச்சிகள் உண்போம். சூரிச்சின் சிறப்பு உணவு எதைச் சாப்பிடலாம்?

இந்த ஊரின் பெயரையே தாங்கிய "ட்சுர்ஷெர் கெஷ்னெட்ஸெல்டெஸ்" உங்களுக்கு ஆகாது. காளானும் வெள்ளை ஒயினும் பாலேடும் சேர்த்துச் செய்யும் அந்த உணவில் இருப்பது கன்றுக்குட்டியின் இறைச்சி. தெருவோரங்களில் மணக்க மணக்கச் சுடும் செயின்ட் காலன் வெள்ளைத் தொத்திறைச்சியிலும் கன்றிறைச்சி உண்டு. பட்டியலில் "கால்ப்" என்றால் கன்று, "ரிண்ட்" என்றால் மாடு, "ஷ்வைன்" என்றால் பன்றி, "பூலே" என்றால் கோழி. இந்த நான்கு சொற்களை மனத்தில் வைத்திருந்தால் போதும்.

என்னைக் கேட்டால், ஏரி மீனைத்தான் சொல்வேன். சூரிச் ஏரியில் பிடிக்கும் "ஃபெல்ஷென்" மீனை வெண்ணெயில் பொரித்து, எலுமிச்சையும் வேகவைத்த உருளைக்கிழங்கும் வைத்துத் தருவார்கள். மசாலா இல்லையே என்று தயங்க வேண்டாம். புது மீனின் இனிப்பு அதில்தான் தெரியும்.

கேள்வி: ஃபாண்டூ சாப்பிடாமல் வரக்கூடாது என்கிறார்கள். எப்படிச் சாப்பிடுவது? மது கலந்திருக்குமா?

கலந்திருக்கும். உருக்கிய சீஸில் ரொட்டித் துண்டுகளைத் தோய்த்துச் சாப்பிடுவதுதான் ஃபாண்டூ. பூண்டு தேய்த்த மண்சட்டியில் வெள்ளை ஒயினைச் சூடாக்கி, அதில் க்ரூயேரையும் ஃப்ரிபூர் பகுதியின் வாஷ்ரன் சீஸையும் பாதிக்குப் பாதி உருக்கி, கடைசியில் செர்ரிப் பழத்திலிருந்து வடித்த கிர்ஷ் என்னும் சாராயத்தையும் சிறிது ஊற்றுவார்கள். கொதிக்கவைத்தாலும் மது முழுவதும் போய்விடாது. மதுவைத் தவிர்ப்பவர்கள் ராக்லெட்டைக் கேட்கலாம். அதில் சீஸை உருக்கி வேகவைத்த உருளைக்கிழங்கின்மேல் வழித்துப் போடுவார்கள், மது சேர்ப்பதில்லை.

ஃபாண்டூவைச் சாப்பிடவும் ஒரு பக்குவம் உண்டு. ரொட்டித் துண்டின் மென்மையான பக்கத்திலிருந்து முள்கரண்டியைக் குத்தி, மேலோட்டில் அது பிடித்துக்கொள்ளும்படி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் துண்டு சட்டிக்குள் விழுந்துவிடும். தோய்க்கும்போது மேலாகத் தொட்டு எடுக்காமல், அடிவரை கிண்டி எடுங்கள். ஆளுக்கு ஆள் கிண்டுவதால்தான் சீஸ் அடிபிடிக்காமலும் பிரியாமலும் இருக்கிறது. எல்லாம் தீர்ந்த பிறகு அடியில் பொன்னிறத்தில் ஒரு காந்தல் நிற்கும். நம் வீடுகளில் சோற்றுக் காந்தலுக்குப் பிள்ளைகள் போட்டி போடுவதைப் போல, இங்கே அதைச் சுரண்டிப் பங்கு பிரித்துக்கொள்வார்கள். அதை விட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள். கூடவே குளிர்ந்த தண்ணீர் வேண்டாம், சூடான தேநீர் போதும் என்பது இவ்வூர்க்காரர்களின் வழக்கம்.

இவ்வூர்க்காரர்கள் இதைக் குளிர்காலத்தில்தான் உண்பார்கள். கோடையில் வருபவர்கள் நீடர்டோர்ஃப் பகுதியில் ஆட்லர் விடுதியில் இருக்கும் சுவிஸ் கூகி உணவகத்துக்குப் போகலாம். மாலையில் போவதாக இருந்தால் முன்பதிவு அவசியம்.

கேள்வி: டிப்ஸ் எவ்வளவு?

1974 முதல் சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கிவிட்டது. மனநிறைவோடு சாப்பிட்டிருந்தால் 47 பிராங்கை 50 ஆக்கிக் கொடுக்கலாம். கொடுக்காவிட்டாலும் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

கேள்வி: இரண்டு நாளுக்கு மேல் நம் சாப்பாடு இல்லாமல் என் அம்மாவால் இருக்க முடியாது. என்ன செய்வது?

கவலை வேண்டாம். எண்பதுகளிலிருந்து இங்கே வந்து குடியேறிய ஈழத்தமிழர்கள் நடத்தும் கடைகள் சூரிச்சில் இருக்கின்றன. கொத்துரொட்டியும் வடையும் ரோல்ஸும் அங்கே கிடைக்கும். ஒரு நாள் பெர்னுக்கும் அழைத்துப் போங்கள்; ரயிலில் ஒரு மணி நேரப் பயணம்தான். 2014 டிசம்பரில் அங்கே திறக்கப்பட்ட பல்சமய இல்லத்தில் நம் சைவக் கோயிலும் இருக்கிறது. அதே கட்டடத்தில் "வணக்கம்" என்ற பெயரில் மதியச் சைவ உணவும் பரிமாறுகிறார்கள். காலை ரயிலில் கிளம்பினால் அம்மா சாமி கும்பிட்டுவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு மேசைக்கு வந்துவிடலாம். கோயில் நடையும் உணவகமும் அன்று திறந்திருக்கின்றனவா என்பதை மட்டும் முதல் நாளே தொலைபேசியில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.